கூட்டிச் சொன்ன மறதி

மறந்துவிட்டதாக நடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். இதைப் படிக்கும்போதே உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். போன மாதம் உங்கள் உளவியல் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்தபோது ஒரு பெண், "ஏமாத்த வர்றவங்களைப் பாத்தா உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?" என்று கேட்டாள். வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் நிறையவே வரும். ஆனால் கோபத்துக்கு முன்னால் ஆர்வம் முந்திக்கொள்ளும். ஒரு மனிதர் வேலை மெனக்கெட்டு பஸ் பிடித்து, வரிசையில் நின்று, என் எதிரே உட்கார்ந்து, தன் மூளை கெட்டுப்போய்விட்டது என்று என்னை நம்பவைக்கப் பாடுபடுகிறார். அப்படி அவருக்கு என்னதான் வேண்டும்? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் உளவியல் நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்களின் ஞாபகசக்தியைச் சோதித்துச் சொல்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. வருகிறவர்களில் அநேகம் பேருக்கு நிஜமாகவே கோளாறு இருக்கும். நடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களைக் கண்டுபிடிப்பதும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, ஏனென்றால் மறதி என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாமே போய்விடும் என்று நினைத்துக்கொள்வார்கள். சொந்தப் பெயர் தெரியாது என்பார்கள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்கள். நிஜ நோயாளி அப்படியில்லை. ஒன்றாம் வகுப்பு வாத்தியார் பெயரைச் சொல்லிவிட்டு, காலையில் சாப்பிட்டோமா இல்லையா என்பதில் தடுமாறுவார். தன் பெயரே மறந்துபோச்சு என்று சாதித்த ஒரு பெரியவர், நடைவழியில் தன் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் துள்ளி எழுந்து ஓடினார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

ஆகவே கண்டுபிடிப்பதைப் பற்றி நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதற்கு ஒரே ஒருவரைப் பற்றிச் சொன்னால் போதும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

சங்கரலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு அமைச்சகத்தில் பட்ஜெட் பிரிவில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் கோமதி. இங்கேயே பிறந்து வளர்ந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஆர்.கே.புரத்தில் அவளுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். கோமதிக்கு கௌஹாத்திக்கு மாற்றல் வந்தது. அப்பாவுக்கு ஞாபகமறதி நோய், தில்லியை விட்டு நகர முடியாது என்று அவள் மனுப் போட்டாள். மாற்றல் உத்தரவு வரும் பருவத்தில் தில்லியில் எத்தனை அப்பா அம்மாக்களுக்கு நோய் வரும் என்பது அவள் அலுவலகத்துக்குத் தெரியாதா? நோய் நிஜமா என்று பார்க்கச் சொல்லி மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போர்டு அவரை என்னிடம் அனுப்பியது. மறுநாள் காலை போர்டு கூடும்போது என் அறிக்கை மேஜையில் இருக்க வேண்டும். நான் எழுதுவதைப் பொறுத்துத்தான் கோமதி தில்லியில் இருப்பதும் போவதும்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார் சங்கரலிங்கம். பக்கத்தில் கோமதி.

"என்ன சார் செய்யுது?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல மேடம். ஒண்ணும் நெனப்புல நிக்க மாட்டேங்குது."

"இவங்க யாரு?"

மகளை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம பிள்ளைதான். பேரு... பேருதான் வரமாட்டேங்குது."

கோமதி தரையைப் பார்த்தாள். அவள் காது சிவந்துபோயிருந்தது. எனக்கு உள்ளூர உற்சாகம். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

பரீட்சையை இங்கே விவரமாக எழுதப்போவதில்லை. நடிக்க நினைக்கிற யாராவது படித்துவிட்டால் வம்பு. சாரம் இதுதான். வரிசையாகச் சில படங்களைக் காட்டுகிறோம். பிறகு இரண்டிரண்டாகக் காட்டி, இதில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்கிறோம். ஒன்றுமே நினைவில்லாதவர்கூடக் குத்துமதிப்பாகச் சொன்னால் பாதி சரியாக வந்துவிடும். சங்கரலிங்கத்துக்குப் பாதிகூட வரவில்லை. ஏறக்குறைய எல்லாமே தப்பு. எல்லாவற்றையும் தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் எல்லாம் நினைவிருந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் கண் சரியான படத்துக்குப் போய், அங்கே ஒரு கணம் நின்று, பிறகுதான் விரல் அடுத்த படத்தைத் தொட்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். என் மனசுக்குள் அறிக்கை தயாராகிவிட்டது. தண்ணீர் பிடிக்க பாட்டிலை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தேன்.

கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. அதன் முன்னால் சங்கரலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ரத்ததான சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒரு நர்ஸிடம் வம்பு பேசிவிட்டுத் திரும்பினேன். அவர் அதே சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். வார்டு உதவியாளர் ஒருவர் அவரிடம், "பாபுஜி, கிதர் ஜானா ஹை?" என்றார். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு இவர், "நஹி நஹி, ஐஸே ஹி" என்று கம்பீரமாகக் கையசைத்து அவரை அனுப்பிவிட்டார். சும்மா நிற்கிறாராம். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று நடந்து எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்தார். உள்ளே யாரோ கத்தினார்கள். "தெரியும், தெரியும், ஸாரி" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் கோமதி கையில் டீயோடு வந்தாள். "ஏளா, வா போவோம், மேடம் காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார் அவர், ஏதோ அவளுக்காகத்தான் இவ்வளவு நேரம் நின்றிருந்ததுபோல. ஆனால் நகரவில்லை. அவளை அரை அடி முன்னால் விட்டு, அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்து, பிறகு தானும் அதே பக்கம் திரும்பினார்.

நான் பாட்டிலோடு அங்கேயே நின்றுவிட்டேன். அறைக்குள் மகள் பெயர்கூடத் தெரியாது என்று சொன்ன மனிதர், வெளியே வந்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்கிறார். இந்த இரண்டாவது நடிப்பு எனக்காக இல்லை, ஏனென்றால் நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. அப்படியானால் யாருக்காக?

திரும்ப அறைக்கு வந்ததும் கோமதியைப் பதிவு கவுன்டருக்கு ஒரு வேலையாக அனுப்பினேன். அங்கே வரிசை நகரவே நகராது என்பது எனக்குத் தெரியும்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. காலைல படம் பாத்தோமே, எல்லாத்தையும் தப்பாவே சொன்னீங்க. அப்படிச் சொல்லணும்னா சரியான பதில் அத்தனையும் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி இல்லாமல், எதிராளியின் ஆட்டத்தை ரசிக்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார். "பிடிச்சிட்டீங்களே!"

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"சர்வீஸ் பூரா பட்ஜெட் செக்‌ஷன் மேடம். அஞ்சு நாற்காலி வேணும்னா பத்துன்னு எழுதுவோம். ஃபைனான்ஸ்காரன் பாதியை வெட்டிருவான். வெட்டலன்னா அவனுக்குத் தூக்கம் வராது. உள்ளதை உள்ளபடி எழுதினவன் தரையிலதான் உக்காரணும். நீங்களும் பாதியை வெட்டுவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நடிப்புக்கு இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை. பிறகுதான் அவர் சொன்னதன் மறுபாதி உறைத்தது. பத்து நாற்காலி கேட்டவருக்கு அஞ்சு நாற்காலி நிஜமாகவே தேவையாக இருந்திருக்கிறது.

"அப்போ உள்ளது எவ்வளவு சார்?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்தார். "கொஞ்சம் இருக்கு மேடம். பிள்ளைக்குத் தெரியாது. அப்பா நல்லாத்தான் இருக்காரு, நம்மதான் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கோம்னு அவ நெனச்சிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

"கொஞ்சம்னா?"

"மார்க்கெட்டுக்குப் போவேன், மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவேன், டிஸ்பென்சரிக்குப் போவேன். அங்ஙன எல்லாம் காலுக்கு வழி தெரியும். அதனால ஒருத்தருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் முன்னால ஜனக்புரியில ஒரு கல்யாண ரிசப்ஷன். கை கழுவப் போனவன் திரும்பி வர முடியல. பக்கத்துல பக்கத்துல ரெண்டு மூணு மண்டபம், எல்லாத்துலயும் ஒரே மாதிரி லைட்டு, ஒரே மாதிரி சோபா. வேற யாரோ கல்யாணத்துல போயி உக்காந்து சாப்பிட்டுட்டேன். பஞ்சாபிக் கல்யாணம். அவங்களும் நல்லாத்தான் கவனிச்சாங்க." சிரித்தார். "பிள்ளை தேடிப் புடிச்சிட்டா. பழைய சிநேகிதன் ஒருத்தனைப் பாத்தேன், அவந்தான் இழுத்துட்டு வந்தான்னு சொல்லிட்டேன்."

"மக கூட கௌஹாத்திக்குப் போயிட்டா என்ன?"

சிரிப்பு நின்றது. "அங்க போனா எனக்கு ஊர் பூரா அந்தக் கல்யாண மண்டபந்தான் மேடம்."

போர்டின் தலைவர் அறுவை சிகிச்சை நிபுணர், சுருக்கமாகப் பேசுகிறவர். அன்று மத்தியானம் என் அறைக்கு வெளியே என்னைப் பிடித்தார். "மேடம்ஜி, ஸீதா பதாயியே. ஜெனுவின் ஹை யா டிராமா?" நேராகச் சொல்லுங்கள், நிஜமா நாடகமா என்றார். "தோனோ" என்றேன். இரண்டும்தான். "தோனோ கா காலம் நஹி ஹை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டம் அவர் படிவத்தில் இல்லை.

நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். காலையில் எடுத்த மதிப்பெண் கையில் இருக்கிறது, அதை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. அதை மட்டும் எழுதினால் ஒரு நோயாளியை ஏமாற்றுக்காரர் என்று முத்திரை குத்தி, வழி கண்டுபிடிக்க முடியாத ஊருக்கு அனுப்புகிறோம். அவர் சொன்ன கல்யாணக் கதையை நம்பி எழுதினாலோ, அதுவும் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். பட்ஜெட் செக்‌ஷன்காரர் ஆயிற்றே, முதல் எஸ்டிமேட் நிராகரிக்கப்பட்டால் இரண்டாவதைத் தயாராக வைத்திருக்க மாட்டாரா? எனக்கு அவர் மேல் பிரியம் வந்துவிட்டது என்பதே என்னை இன்னும் ஜாக்கிரதையாக்கியது. பிரியம் வந்தால் இன்னொரு முறை சோதியுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

"சார், இன்னொரு தடவை உக்காரணும். இப்போ எஸ்டிமேட் வேண்டாம். உள்ளது உள்ளபடி ஆக்சுவல்ஸ் கொடுங்க."

அந்த வார்த்தை அவரை நிமிர்த்தியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லா வந்துட்டா?"

"நல்லா இருக்கார்னு எழுதுவேன். உங்க பொண்ணு கௌஹாத்தி போக வேண்டியதுதான்."

"மோசமா வந்தா வெட்ட மாட்டீங்கல்ல?"

"வெட்டவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன்."

யோசித்தார். "சரி, ஆரம்பிங்க" என்றார்.

முதலில் ஒரு சின்னக் கதை சொன்னேன். ஒரு அம்மா பஸ்ஸில் குடையை மறந்து வைத்துவிட்டு இறங்கிவிடுகிறாள், பின்னாலேயே ஆட்டோ பிடித்துத் துரத்துகிறாள் என்று போகும். உடனே திருப்பிச் சொல்லச் சொன்னேன். அழகாகச் சொன்னார். அந்த அம்மா கண்டக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று யோசனையும் சொன்னார். அடுத்தது வேறு படங்கள், அதே மாதிரியான பரீட்சை. காலையில் எல்லாம் தப்பாகச் சொன்னவர் இப்போது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். கூட்டிச் சொன்னது அத்தனையும் கழன்று விழுந்துவிட்டது. அவர் முகத்தில் பெருமை. எனக்கோ, இவரைக் கௌஹாத்திக்கு அனுப்பப்போகிறோமோ என்று கவலை. பிறகு கொஞ்ச நேரம் மலை மந்திர் பற்றியும் தில்லி வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.

"சரி சார், இப்போ அந்தக் கதையைச் சொல்லுங்க."

"எந்தக் கதை?"

"மொதல்ல சொன்னேனே."

"கதை ஒண்ணும் சொல்லலையே மேடம். படந்தானே காட்டினீங்க."

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நடிக்கிறவர் "மறந்துபோச்சு" என்பார். ஏதோ ஒன்று இருந்தது, அது போய்விட்டது என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதுதானே அவர் கவலை. சங்கரலிங்கம் அப்படிச் சொல்லவில்லை. என்னோடு வாதம் செய்தார். ஃபைலில் இல்லாத காகிதத்தை இருக்கிறது என்று சொல்லும் குமாஸ்தாவைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஒரு அம்மா சார்... பஸ்ல போனாங்க..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"அதை வேற யாருக்காவது சொல்லியிருப்பீங்க" என்றார், இப்போது கனிவாக. "நாள் பூரா எத்தன பேரைப் பாக்கீங்க. மறக்கத்தான் செய்யும். அதுக்காக வருத்தப்படாதீங்க."

அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். எங்கள் தொழிலில் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். நீங்க திருப்பியும் சொன்னீங்க."

முன்னால் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு, "அப்போ நான் கேட்டதுக்கு மேலேயே இருக்கா மேடம்?" என்றார்.

ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், சில காரணங்களால் வருகிற மறதி மருந்தில் சரியாகும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். காலையில் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார், மத்தியானம் உண்மையாக முயன்றார், அப்போது தெரிந்த இழப்பு நிஜமானது, முதலாவது இரண்டாவதை ரத்து செய்யாது. போர்டின் தலைவர் புருவத்தை உயர்த்தினார். கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியில் ஏற்றுக்கொண்டார். கோமதியின் மாற்றல் நின்றது. பொய்யைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. பொய் சொல்கிறவருக்கும் நோய் வரும்.

ஆனால் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கோமதி வந்தாள். அதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

உள்ளே வந்ததுமே, நான் வாயைத் திறப்பதற்குள், "ஸாரி மேடம்" என்றாள். "அப்பா ரொம்ப ஓவரா பண்ணிட்டாரு, இல்ல? என் பேரே தெரியாதுன்னு சொன்னப்பவே நெனச்சேன், அவ்ளோதான், மாட்டிக்கிட்டோம்னு. நான்தான் மேடம் சொன்னேன். எங்க ஆபீஸ்ல எல்லாருமே... அதாவது, ட்ரான்ஸ்ஃபர் வந்தா அம்மா பீமார், அப்பா பீமார், ஒடம்பு சரியில்லன்னு எழுதிக் கொடுப்பாங்க. அப்பா பேர்ல தப்பு இல்ல."

உட்காரச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். காலைப் பரீட்சையை, கதையை, நடைவழியை, கல்யாண மண்டபத்தை.

"அது... ஃப்ரெண்டைப் பாத்தேன்னு சொன்னாரே" என்றாள்.

கதவுக் கண்ணாடி வழியாக அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸர்தார்ஜியிடம் எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்க ஒரு குறையும் தெரியாது. கோமதி என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், டிராமான்னே எழுதிடுங்க" என்றாள். "ப்ளீஸ். காலைல வந்ததை மட்டும் எழுதுங்க. நான் கௌஹாத்தி போயிடறேன். மெமோ கொடுத்தா வாங்கிக்கறேன். நாங்க பொய்தான் சொன்னோம் மேடம், நிஜமா பொய்தான். அப்பாவுக்கு ஒண்ணுமில்ல."

கெஞ்சிக்கொண்டே என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.